‘பிரிசர்வேஷன்’ என்று சட்டம் சொன்னால்: ஆதாரத்தை அழியாமல், மாறாமல் வைத்திருப்பது எப்படி

வக்கீல் நோட்டீஸ்களிலும் நீதிமன்ற உத்தரவுகளிலும் வரும் ‘பிரிசர்வேஷன்’ என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிடுகிறோம். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. பாதுகாப்பு என்றதும் பூட்டி வைப்பது, காவல் போடுவது, திருடு போகாமல் பார்ப்பது என்றுதான் மனதில் படும். சட்டம் கேட்பது அதுவல்ல. ஒரு பொருளோ பதிவோ இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே நாளை நீதிபதி முன்னால் இருக்க வேண்டும். இடையில் யாரும் அதில் கை வைக்கவில்லை என்று காட்டவும் முடிய வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பென் டிரைவில் ஒருவர் வீடியோவின் முன்பகுதியை வெட்டிவிட்டு வைத்திருந்தால், அது பத்திரமாக இருக்கிறது, ஆனால் பேணப்படவில்லை.

பக்கத்துச் சொற்களோடும் இது குழம்பும். கணக்குப் புத்தகங்களைக் கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருப்பதும், ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருப்பதும் ‘வைத்திருத்தல்’. வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கடமை ஓடும். கெடு முடிந்தால் தூக்கிப் போடலாம். ‘பேணுதல்’ ஒரு தகராறோடு பிறக்கிறது. தகராறு வந்துவிட்டால், கெடு முடிந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது. ‘கஸ்டடி’ என்பது யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. ‘ஸ்டேட்டஸ் கோ’ என்பது இருதரப்பும் இப்போதைய நிலையை மாற்றக் கூடாது என்ற உத்தரவு. தமிழில் நோட்டீஸ் எழுதும்போது வெறுமனே ‘பாதுகாக்கவும்’ என்று போடாமல் ‘அழிக்காமலும் மாற்றாமலும் உள்ளது உள்ளபடி வைத்திருக்கவும்’ என்று விரித்தே எழுதுங்கள். நான்கு சொல் கூடினாலும் பிறகு ‘எனக்குப் புரியவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

இன்றைக்கு இந்தியாவில் இந்தச் சொல் மிக அதிகமாகக் கழுத்தைப் பிடிப்பது சிசிடிவி பதிவில்தான். அதனால் அதை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கைபேசி, நிலம், வாகனம் எல்லாவற்றுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்

நுகர்வோர் புகார் கொடுக்கச் சட்டம் 2 ஆண்டு தருகிறது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட 3 ஆண்டு. கேமரா அவ்வளவு நாள் காத்திருக்காது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். 8 கேமரா என்றால் 172.8 ஜி.பி. கடையில் 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். பிறகு டி.வி.ஆர். பெட்டி (கேமரா காட்சிகளைப் பதிந்து வைக்கும் இயந்திரம்) பழையதின் மேலேயே எழுதத் தொடங்கும். இதை யாரும் ‘அழிப்பது’ இல்லை; பெட்டி தானாகச் செய்கிறது. ‘ஒரு மாதம் பதிவு இருக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெட்டியில் மிகப் பழைய தேதியைத் தேடி ஓட்டிப் பாருங்கள், அதுதான் உண்மை. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்திருந்தால் நாட்கள் கூடும். ஆனால் அசைவில்லை என்று பெட்டி நினைத்த நேரம் பதிவாகியே இருக்காது.

ஆகவே சம்பவம் நடந்த 24 மணி நேரத்துக்குள் முதல் வேலையை முடித்துவிட வேண்டும். வக்கீலைப் பார்ப்பது, நோட்டீஸ் தயாரிப்பது எல்லாம் அடுத்து. நேரில் போய்ப் பேசுங்கள். பல டி.வி.ஆர். பெட்டிகளில் குறிப்பிட்ட பதிவைப் ‘பூட்டும்’ வசதி உண்டு. பூட்டிய கோப்பின் மேல் புதிய பதிவு ஏறாது. அதை உடனே செய்யச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லையென்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளச் சொல்லலாம். புது டிஸ்க்கின் விலையை நீங்களே தருவதாகச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் இறங்கி வருவார்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன் பெட்டியை மெனு வழியாக முறையாக அணைக்க வேண்டும். ஓடும்போதே மின்சாரத்தைப் பிடுங்கினால் கடைசிப் பதிவு சிதையலாம்.

கழற்றிய டிஸ்க்கை ஆர்வக்கோளாறில் கணினியில் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. டி.வி.ஆர். எழுதும் முறை விண்டோஸுக்குப் புரியாது. ‘டிஸ்க்கைத் தயார் செய்யவா?’ என்று கேட்கும். சரி என்று ஒரு சொடுக்கு போட்டால் போதும், ஆதாரத்தைக் கெடுத்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். இன்னொரு டி.வி.ஆரில் மாட்டினாலும் இதே அபாயம்தான்.

நோட்டீஸ்: என்ன எழுத வேண்டும்

வாயால் சொன்னது போதாது. அன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள். நீளம் தேவையில்லை, எது, எந்த நேரம், எதற்கு, என்ன செய்யக் கூடாது என்ற நான்கும் இருந்தால் போதும். மாதிரி இது:

“____ தேதி மாலை சுமார் 7.30 மணிக்குத் தங்கள் கடை வாசலில் நடந்த வாகன விபத்து தொடர்பாக, அன்று மாலை 6.30 முதல் இரவு 8.30 வரை தங்கள் வளாகத்தின் எல்லாக் கேமராக்களிலும் பதிவான காட்சிகளும், ஒலி இருப்பின் ஒலியும், டி.வி.ஆர். இயந்திரத்தின் பதிவேட்டு விவரங்களும் நீதிமன்றத்தில் சாட்சியமாகத் தேவைப்படும். அவற்றை அழிக்காமலும், மாற்றாமலும், மேலெழுதப்படாமலும் உள்ளது உள்ளபடி வைத்திருக்கக் கோருகிறேன். இயந்திரத்தின் தேதி, நேர அமைப்பைத் திருத்த வேண்டாம். நகல் எடுப்பதற்கான செலவை ஏற்கிறேன். இக்கடிதம் கிடைத்ததற்குக் கையொப்பமிட்டு நேரத்துடன் ஒரு பிரதி தரவும்.”

சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கேட்பதற்குக் காரணம் உண்டு. பத்து நிமிடத் துண்டை மட்டும் எடுத்தால், ‘அதற்கு முன் என்ன நடந்தது என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்’ என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கும். ‘எல்லாக் கேமராக்களும்’ என்று எழுதுவதும் அதனால்தான். வாசல் கேமராவில் மறைந்த வண்டி எண் பக்கத்துச் சந்துக் கேமராவில் தெரியும். அதற்காக ‘உங்களிடமுள்ள எல்லாப் பதிவுகளும்’ என்று வாரி எழுதாதீர்கள். அளவில்லாத கோரிக்கையை யாரும் மதிப்பதில்லை, நீதிமன்றமும்கூட.

கையெழுத்துப் போட்டுப் பிரதி தர மறுத்தால், ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். கூடவே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, போய்ச் சேர்ந்த அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். தனி மனிதர் எழுதிய கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகிவிடாது. அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது: இந்தத் தேதிக்குப் பிறகு பதிவு காணாமல் போனால் ‘தெரியாது’ என்ற பதில் எடுபடாது. நீதிமன்றத்தில் காட்டும்படி சட்டப்படி கட்டாயப்படுத்தக்கூடிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ, அது சாட்சியமாக வரக் கூடாது என்ற நோக்கத்தோடு மறைப்பதும் அழிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 241-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கத்தை நிரூபிக்க உங்கள் நோட்டீஸ்தான் முதல் கல்.

குற்றச் சம்பவம் என்றால் காவல் நிலையப் புகாரிலேயே ‘இன்ன இடத்துக் கேமரா பதிவைக் கைப்பற்ற வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட்டுப் பதிவைக் கேட்டுப் பெறலாம். நீதிமன்றமும் அதே பிரிவில் சம்மன் அனுப்பலாம். புகார் காவல் நிலையத்துக்குள் நடந்த ஒன்றைப் பற்றியது என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்: 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையங்களின் கேமரா பதிவை 18 மாதங்கள், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொன்னது. உத்தரவு அப்படி இருந்தாலும் மனுவை அன்றே கொடுத்துவிடுவதுதான் புத்தி. ‘கேமரா பழுது’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

நகல் எடுக்கும்போது

திரையில் ஓடும் பதிவைக் கைபேசியில் படம் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. வேறு வழியே இல்லாதபோது ஒன்றுமில்லாததற்கு அது தேவலாம். ஆனால் அது பதிவின் நகல் அல்ல, பதிவை யாரோ பார்த்ததன் படம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி வேறொரு கோப்பாகிவிடும். வண்டி எண் இருந்த இடத்தில் கலங்கல்தான் மிஞ்சும்.

சரியான முறை இது. முதலில் டி.வி.ஆர். திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். டி.வி.ஆர். கடிகாரம் சில நிமிடம் முன்னோ பின்னோ ஓடுவது சகஜம். ‘5 நிமிடம் 20 நொடி வேகம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் கடிகாரத்தைச் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்தால் பதிவில் ஒரு இடைவெளியோ இரட்டிப்போ விழும், அதை விளக்கவே ஒரு சாட்சி தேவைப்படும். அடுத்து, புதிய, காலியான பென் டிரைவில் டி.வி.ஆரின் சொந்த வடிவத்திலேயே பதிவை ஏற்றுமதி செய்யுங்கள். அதை ஓட்ட அந்தக் கம்பெனியின் பிளேயர் தேவைப்பட்டால் அதையும் சேர்த்து எடுங்கள். எல்லோரும் பார்க்கும் வடிவத்துக்கு மாற்றிய பிரதி தனியாக இருக்கட்டும். மூலப் பிரதியின் இடத்தில் அது உட்காரக் கூடாது. பெட்டியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண் நான்கையும் ஸ்டிக்கரோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணு நகலோடு நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய சான்றிதழில் (அதைப் பற்றிக் கீழே) அவற்றைக் கேட்பார்கள்.

பிறகு ஹேஷ் மதிப்பு. கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் முழுதாக வேறாகும். கோப்பின் பெயரை மாற்றினாலோ இன்னொரு டிரைவுக்கு நகலெடுத்தாலோ மாறாது. விண்டோஸில் ‘செவன்-ஜிப்’ போட்டிருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கு போட்டு எஸ்.எச்.ஏ-256 தேர்ந்தெடுத்தால் 64 எழுத்து வரும். சான்றிதழ் படிவத்தில் எம்.டி.5, எஸ்.எச்.ஏ-1, எஸ்.எச்.ஏ-256 மூன்றும் உண்டு. முதல் இரண்டும் பழசு. வேறு வேறு கோப்புக்கு ஒரே மதிப்பு வரும்படி செய்ய முடியும் என்று காட்டிவிட்டார்கள். 256-ஐயே எடுங்கள். அந்த மதிப்பைக் கடைக்காரர் முன்னிலையில் காகிதத்தில் அச்சிட்டு, இருவரும் தேதி, நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து வீட்டில் உட்கார்ந்து எடுத்த ஹேஷ், அந்த ஒரு வாரம் என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

மூலப் பிரதியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின் குறுக்கே கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். பார்க்க, வக்கீலுக்குக் கொடுக்க எல்லாம் இரண்டாவது பிரதி. உறையோடு ஒரு தாள் இருக்கட்டும்: எந்தத் தேதி, யாரிடமிருந்து யாருக்கு, எதற்காக, ஒட்டு எப்படி இருந்தது. ஒலிநாடாக் காலத்திலேயே, 1985-இல் ராம் சிங் எதிர் கர்னல் ராம் சிங் வழக்கில், நாடாவைக் கவனமாக முத்திரையிட்டுப் பத்திரமான அல்லது அலுவலகப் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாடா போய் பென் டிரைவ் வந்தது, நிபந்தனை போகவில்லை.

63(4) சான்றிதழ்

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பது பற்றியது அது. மூல இயந்திரத்தையே நீதிமன்றத்தில் வைத்து, அதன் உரிமையாளர் கூண்டேறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகலைக் கொடுத்தால் கட்டாயம் தேவை. இது 2020-இல் அர்ஜுன் பண்டிதராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த விஷயம். புதுச் சட்டத்தில் படிவத்துக்கு இரண்டு பகுதி. ‘அ’ பகுதியை இயந்திரத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு வரும். யார் நிபுணர் என்பதை 63-ஆம் பிரிவு விளக்கவில்லை. கணினித் தடயவியல் தெரிந்து, குறுக்கு விசாரணையில் நின்று பதில் சொல்லக்கூடியவரைப் பிடியுங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரின் கையெழுத்து சான்றிதழை நிரப்பும், வழக்கைத் தாங்காது.

கடைக்காரர் ‘அ’ பகுதியில் கையெழுத்துப் போட மறுப்பதுதான் நடைமுறையில் பெரிய தொல்லை. அவருக்கு எந்தப் பக்கமும் சாய விருப்பமில்லை. எழுத்து மூலம் கேட்டு, மறுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொண்டு, சான்றிதழை வரவழைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்; அதே அர்ஜுன் பண்டிதராவ் தீர்ப்பு அதற்கு வழி சொல்கிறது. கேட்காமலே இருந்துவிட்டு இறுதி வாதத்தில் ‘அவர் தரவில்லை’ என்பது உதவாது.

கைபேசியும் சமூக ஊடகமும்

வாட்ஸ்அப் உரையாடலுக்கு மூலம் உங்கள் கைபேசிதான், திரைப்பிடிப்பு அல்ல. வழக்கு முடியும் வரை அந்தக் கைபேசியை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் கொடுக்காதீர்கள், ‘ரீசெட்’ செய்யாதீர்கள். 24 மணி, 7 நாள், 90 நாளில் மறையும் செய்திகள் அமைப்பு இருந்தால் உடனே நிறுத்துங்கள். உரையாடலை ஊடகங்களோடு ஏற்றுமதி செய்து அதற்கும் ஹேஷ் எடுங்கள். உங்களுக்குப் பாதகமான செய்தியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று தோன்றும். அதே உரையாடல் எதிராளியின் கைபேசியிலும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அவதூறுப் பதிவைப் பார்த்ததும் ‘ரிப்போர்ட்’ அடித்து நீக்க வைப்பவர்கள் தங்கள் ஆதாரத்தைத் தாங்களே இழக்கிறார்கள். முதலில் பதிவின் முழு இணைய முகவரி, பதிவிட்டவரின் கணக்கு முகவரி, தேதி, நேரம் தெரியும் திரைப்பிடிப்பு, பிறகு புகார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நீக்கிய தகவலை விசாரணைக்காக நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது உங்களுக்கு நேராகக் கைக்கு வராது. காவல் துறை அல்லது நீதிமன்றம் வழியாகத்தான். தொலைபேசி அழைப்பு விவரங்களும் அப்படியே. உரிம நிபந்தனைப்படி நிறுவனங்கள் அவற்றைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்கும். வழக்கு அதைத் தாண்டி இழுக்கும் என்று தெரிந்தால், ஆரம்பத்திலேயே அவற்றைத் தனியே எடுத்து வைக்க உத்தரவு கேட்டு மனுப் போடுங்கள்.

பொருள், நிலம், வண்டி

உரிமையியல் வழக்கில் இந்தச் சொல் நேரடியாகவே வருகிறது: உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39, விதி 7. வழக்கிலுள்ள சொத்தைத் தடுத்து வைக்க, பேண, ஆய்வு செய்ய, மாதிரி எடுக்க இடைமனு போடலாம். வெட்டப்போகும் மரம், இடிக்கப்போகும் பொதுச்சுவர், குத்தகைத் தோட்டத்து விளைச்சல் எல்லாம் இதில் வரும். சுவர் நாளைக்கே போய்விடும் என்றால் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கட்டளை 26, விதி 9-இல் ‘கமிஷனர் மனு’வும் சேர்த்துப் போடுவார்கள், அவர் அளந்து, படம் எடுத்து அறிக்கை தருவார். அழுகக்கூடிய சரக்கு என்றால் சட்டம் வேறு வழி போகிறது: அதே கட்டளை 39-இன் விதி 6-இன்படி விற்றுவிட உத்தரவிடலாம். பொருள் போய்விட்டாலும் அதன் மதிப்பு நிற்கிறது. கட்டளை 40-இல் ரிசீவர் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் அமர்த்துபவர்) நியமிப்பதும் இதே நோக்கத்தில்தான்.

வண்டிக்கும் இந்தத் தர்க்கம் உண்டு. காவல் நிலைய வாசலில் ஆண்டுக்கணக்காகத் துருப்பிடித்து நிற்பது பேணுதலே அல்ல. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497-ஆம் பிரிவில், பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளில் விவர அறிக்கை தயாரித்து, படமும் வீடியோவும் எடுத்து, அறிக்கைக்குப் பின் 30 நாளில் பொருளை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும்; அந்தப் படங்களே சாட்சியம். நீங்கள் இழப்பீடு கேட்பவர் என்றால், வண்டி விடுபட்டுப் பட்டறைக்குப் போகும் முன் மோதிய பக்கம், பிரேக், டயர் மூன்றும் அளவுகோலோடு படமாகியிருக்கிறதா என்று வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு பேச ஒன்றுமில்லை.

அப்படியும் அழிந்துவிட்டால்

ஆதாரம் போனால் வழக்கு போயிற்று என்று அர்த்தமில்லை. தன்னிடம் இருந்ததை ஒருவர் காட்டாமல் விட்டால், காட்டியிருந்தால் அவருக்கு எதிராக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114 (ஜி) உதாரணம், புதிய சாட்சியச் சட்டத்தில் 119-ஆம் பிரிவு. 2015-இல் டொமாசோ புருனோ வழக்கில், வாரணாசி விடுதியின் கேமரா பதிவை அரசுத் தரப்பு வைக்காதது அதற்கே பாதகமாயிற்று. தண்டிக்கப்பட்ட இத்தாலியர் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் ‘ஊகிக்கலாம்’ என்பது ‘ஊகிக்க வேண்டும்’ அல்ல. பதிவு இருந்தது, அவர் கையில் இருந்தது, அது தேவை என்று அவருக்குத் தெரியும் என்ற மூன்றையும் நீங்கள் காட்டியாக வேண்டும். டி.வி.ஆர். படமும் ஒப்புகையும் அப்போது பேசும்.

தீர்ப்பு வந்த மறுநாளே உறையைப் பிரித்துப் பென் டிரைவைக் காலி செய்துவிடாதீர்கள். உரிமையியல் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் மேல்முறையீட்டுக் கெடு உண்டு. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அதற்குப் பிறகும் வருவார்கள். கெடு தாண்டியதும் வக்கீலிடம் எழுத்து மூலம் கேட்டு, பொறுப்புத் தாளில் கடைசி வரியை எழுதிவிட்டு, பிறகு அழியுங்கள்.